மற்றவை 0.00: ஒரு டிக் பின்தங்கிய பில்

கொங்குப் பக்கம் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடம். அங்கே கூட்டல் தப்பை முதலில் பிடித்தவர் சர்க்கரை பார்க்க வந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைக்காமல் கவுண்டரிலேயே நின்று கூட்டிப் பார்த்திருக்கிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 60, கிரியேட்டினின் 120, கொழுப்பு பார்க்கும் லிப்பிட் புரொஃபைல் 450, தைராய்டு பார்க்கும் டிஎஸ்எச் 250. ஆக 880. பில்லின் அடியில் அச்சாகியிருந்ததோ 630. "இருநூத்தம்பது ரூபா எனக்கு லாபமுங்க, உங்களுக்குக் கட்டுபடியாகுமா?" என்று கேட்டு, மீதியையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று மாலையே உரிமையாளர் என்னை அழைத்தார். அந்த மென்பொருளை எழுதியது நான் இல்லை. விஷுவல் பேசிக் 6 (வி.பி. 6) என்ற பழைய புரோகிராம் மொழியில் யாரோ எழுதி, பின்னால் அதே ஆளோ வேறு ஆளோ அதன் அடுத்த தலைமுறையான வி.பி. டாட் நெட்டுக்கு மாற்றி, அவரும் வெளிநாடு போய்விட, கடைசியில் என் தலையில் வந்து விழுந்த விண்டோஸ் புரோகிராம் அது. ஒரே திரை. இடது பக்கம் நோயாளி விவரம், வலது பக்கம் டிக் பெட்டிகளோடு பரிசோதனைப் பட்டியல், கீழே மொத்தம், தள்ளுபடி, சேமி பொத்தான்.

முதலில் அந்த மாதத்து பில்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் வரிகளின் கூட்டுத்தொகையையும் அச்சான மொத்தத்தையும் ஒப்பிட்டேன். பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. தப்பானவற்றில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. குறைந்த தொகை எப்போதும் அந்த பில்லில் உள்ள ஏதோ ஒரு பரிசோதனையின் விலைக்குச் சமம். சிலவற்றில் தொகை குறையவில்லை, கூடியிருந்தது. கூடிய தொகையோ பில்லில் இல்லாத ஒரு பரிசோதனையின் விலை. தள்ளுபடி கொடுத்த பில்கள் ஒன்றுகூடத் தப்பில்லை. அப்புறம் இன்னொன்று: "மற்றவை 0.00" என்று ஒரு வெற்று வரி அச்சான பில்கள் எல்லாமே சரி.

அந்த வெற்று வரியை உரிமையாளர் முன்பே கவனித்திருந்தார். பிரிண்டர் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டாராம். மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்க் கவுண்டரில் இருக்கும் அக்காவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். என் அனுபவத்தில் பிழையைத் தேட, புரோகிராமின் வரிகளான கோடைவிட (code) நல்ல இடம் கவுண்டர்தான். நான்கு டிக் போட்டார். பட்டியலின் அடிவரைக்கும் உருட்டிப் போய் "மற்றவை"க்கும் ஒரு டிக் போட்டார். அப்புறம்தான் சேமி.

"அது எதுக்குக்கா?"

"கடைசி டிக்கு அதுக்குச் சட்டுன்னு பிடிபடறதில்லீங்க தம்பி. சும்மா இன்னொண்ணு தட்டி விட்டாத்தான் கணக்கு சரியா வரும். காசில்லாததாப் பார்த்துத் தட்டிவிடறேன்."

பிழை அறிக்கை என்று இதைவிடத் துல்லியமாக யாரும் எனக்கு எழுதித் தந்ததில்லை. "மற்றவை" என்பது டாக்டர் சீட்டில் கையால் எழுதும் குறிப்புக்காக வைத்த, விலை பூஜ்யமான ஒரு வரி. கூட்டம் அதிகமான நேரங்களில் அதைத் தட்ட மறந்துவிடுவார். தப்பான பில்கள் எல்லாம் அந்த நேரத்தில் போட்டவை. என்ன ஏது என்று பெயர் சொல்லத் தெரியாமலே பிழையைக் கண்டுபிடித்து, அதற்கொரு மாற்றுவழியும் செய்து, மாதக்கணக்கில் அதை வைத்தே ஓட்டியிருக்கிறார்.

முன்னால் ஒலிக்கும் மணி

கோடைத் திறந்ததும் காரணம் கண்ணில் பட்டது. பட்டியல், செக்டுலிஸ்ட்பாக்ஸ் என்ற கன்ட்ரோல், அதாவது திரையில் வைக்கும் ஆயத்த உறுப்பு. ஒவ்வொரு டிக்கின்போதும் அது ஐட்டம்செக் என்ற நிகழ்வை எழுப்பும், கோடுக்கு மணியடித்துச் சொல்வது மாதிரி. அந்த நிகழ்வுக்குள் உட்கார்ந்து டிக் விழுந்த வரிகளை வைத்திருக்கும் செக்டுஐட்டம்ஸ் தொகுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, விலைகளைக் கூட்டி, மொத்தத்தைத் திரையில் காட்டும் லேபிளில் எழுதியிருந்தார்கள். வாசித்தால் தப்பே தெரியாது. ஆனால் ஐட்டம்செக் எழுவது டிக் விழுவதற்கு முன்னால். நிகழ்வு ஓடிக்கொண்டிருக்கும்போது தொகுப்பில் இருப்பது பழைய நிலை. புதிய டிக் அதில் இன்னும் சேர்ந்திருக்காது.

வாத்தியாரின் பில்லையே ஓட்டிப் பார்ப்போம். சர்க்கரைக்கு டிக் போட்டதும் தொகுப்பு காலி, மொத்தம் 0. கிரியேட்டினினுக்குப் போட்டதும் 60. லிப்பிட்டுக்கு 180. டிஎஸ்எச்சுக்கு 630. மொத்தம் எப்போதும் ஒரு டிக் பின்தங்கியே வரும். ஐந்தாவதாக "மற்றவை"யைத் தட்டினால் 880 வரும். விடுபட்டது அந்த பூஜ்யம் மட்டும், அதனால் நஷ்டமில்லை. கடைசியாகச் செய்தது டிக்கை எடுப்பதாக இருந்தால் கதை தலைகீழ். எடுத்தது தொகுப்பில் இன்னும் இருக்கும், மொத்தம் கூடுதலாக வரும். பில்லில் இல்லாத பரிசோதனையின் விலை மொத்தத்தில் ஏறியது அப்படித்தான்.

பில்லின் வரிகள் மட்டும் எப்படிச் சரியாக வந்தன? அவற்றைச் சேமி பொத்தானை அழுத்தும்போது தொகுப்பிலிருந்து எடுத்தார்கள். அதற்குள் எல்லா டிக்கும் விழுந்திருக்கும். மொத்தத்தை மட்டும் லேபிளில் எழுதியிருந்த எழுத்தைப் படித்துச் சேமித்தார்கள். திரையில் காட்டுவதற்காக எழுதியதைக் கணக்கென்று திரும்ப வாசிப்பது எனக்கு எப்போதும் உறுத்தும். இங்கே காசையே தின்றுவிட்டது.

தள்ளுபடி மர்மமும் இதோடு அவிழ்ந்தது. தள்ளுபடிப் பெட்டியை விட்டு கர்சர் வெளியேறும்போது இன்னொரு முறை மொத்தம் கணக்கிடப்படுகிறது. அப்போது தொகுப்பு சரியாக இருக்கும். முதலில் எழுதியவருக்கு இது ஏன் தெரியவில்லை என்பதற்கும் விடை அதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். புரோகிராம் எழுதும் நம் ஆட்கள் மவுஸைத் தொடாமல் டேப் விசையிலேயே ஓடுகிறவர்கள். பட்டியலில் டிக், டேப், தள்ளுபடிப் பெட்டி, டேப், சேமி. வழியில் தள்ளுபடிப் பெட்டிக்குள் நுழைந்து வெளியேறியதுமே கணக்கு தானாகச் சரியாகிவிடும். அக்கா மவுஸோடு பட்டியலிலிருந்து நேரே சேமிக்குத் தாவுவார்.

இன்னும் ஆழமான காரணம் வி.பி. 6 காலத்தது. 1998இல் வந்த அந்த மொழியில் லிஸ்ட்பாக்ஸ் என்ற சாதாரணப் பட்டியலையே டிக் பெட்டிகளோடு காட்டலாம். அதற்கும் ஐட்டம்செக் என்றே ஒரு நிகழ்வு உண்டு. ஆனால் அங்கே அது எழும்போது புதிய நிலை ஏற்கனவே பதிந்திருக்கும். டாட் நெட்டுக்கு மாற்றியவர் அதே பெயரைப் பார்த்து அதே கோடை அப்படியே வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

டாட் நெட்டில் ஏன் முன்னால் எழுப்புகிறார்கள்? தடுக்க வசதியாக. நிகழ்வோடு கரண்ட்வேல்யூ, நியூவேல்யூ என்று இரண்டு மதிப்புகள் வரும். நியூவேல்யூவில் பழைய மதிப்பைத் திருப்பி எழுதினால் டிக் விழாது. ரத்தம் எடுத்தாயிற்று என்று குறித்த பரிசோதனையின் டிக்கைக் கவுண்டரில் எடுக்க முடியாமல் செய்ய இதையே பின்னால் பயன்படுத்திக்கொண்டேன், ஒரே வரியில் முடிந்தது. ஆக ஏற்பாடு மோசமில்லை. குறை என்னவென்றால், டிக் விழுந்த பிறகு எழும் நிகழ்வு ஒன்று இந்தக் கன்ட்ரோலுக்குக் கிடையாது. லிஸ்ட்வியூ என்ற இன்னொரு கன்ட்ரோலுக்கு ஐட்டம்செக், ஐட்டம்செக்டு என்று முன்னால் ஒன்று பின்னால் ஒன்று இருக்கிறது. செக்டுலிஸ்ட்பாக்ஸுக்கு முதல் ஒன்றுதான்.

இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும் வைத்தியம் பிகின்இன்வோக் என்ற கட்டளை. கணக்கிடும் வேலையை அப்போதே செய்யாமல் காத்திருக்கும் வேலைகள் நிற்கும் செய்தி வரிசையின் கடைசியில் போட்டுவிட்டால், நிகழ்வு முடிந்து டிக் விழுந்த பிறகு அது ஓடும். ஒரு வரி மாற்றம். அன்று மாலையே அதைப் போட்டு, சேமிக்கும்போதும் மொத்தத்தைப் புதிதாகக் கூட்டும்படி மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். கையோடு செக்ஆன்கிளிக் என்ற அமைப்பையும் ஆன் செய்தேன். இயல்பில் அது ஆஃப். அதனால் முதல் தட்டலில் வரி தேர்வாகும், இரண்டாவதில்தான் டிக் விழும். "எல்லாத்தையும் ரெண்டு தடவை தட்டோணும்" என்பது அக்காவின் பழைய புலம்பல்.

என் கைவண்ணம்

கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வந்த வேலையோடு உரிமையாளர் இன்னொன்றும் கேட்டார். பட்டியல் நீளமாகிவிட்டது, மேலே ஒரு தேடல் பெட்டி வேண்டும், இரண்டெழுத்து அடித்தால் பொருந்தும் பரிசோதனைகள் மட்டும் தெரிய வேண்டும். சுலபம் என்று ஒத்துக்கொண்டேன்.

பட்டியலைக் காலி செய்து பொருந்துவதை மட்டும் மறுபடி நிரப்பினேன். போட்ட டிக் எல்லாம் போய்விட்டது. இந்தக் கன்ட்ரோலில் டிக் என்பது பட்டியலில் உள்ள வரியோடு ஒட்டியது. வரி போனால் டிக்கும் போகும். சரி, போட்ட டிக்கை எங்காவது நினைவில் வைத்து, நிரப்பும்போது திரும்பப் போடலாம் என்று செய்தேன். அதோடு இன்னொரு புத்திசாலித்தனம். ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுவதையும் கூட்டுவானேன், ஐட்டம்செக்கிலேயே டிக் விழுந்தால் விலையைக் கூட்டு, எடுத்தால் கழி என்று எழுதினேன். நியூவேல்யூ கையில் இருப்பதால் முன்னால் எழுந்தாலும் பிரச்சினையில்லை.

சோதிக்க 880 ரூபாய்க்கு டிக் போட்டுவிட்டுத் தேடல் பெட்டியில் ஓர் எழுத்து அடித்தேன். நான்குமே அந்த எழுத்துக்குப் பொருந்தின. மொத்தம் 1760. அடுத்த எழுத்துக்கு மூன்றுதான் பொருந்தின, சர்க்கரை இல்லை. மொத்தம் 2580. எழுத்தடிக்க அடிக்க ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே போனது. கோடிலிருந்து டிக் போட்டாலும் ஐட்டம்செக் எழும், அதைத்தான் மறந்திருந்தேன். மனிதர் தட்டினாரா, கோடு தட்டியதா என்று அந்த நிகழ்வு பிரித்துச் சொல்லாது. பட்டியலைக் காலி செய்யும்போது கழித்தலும் நடக்கவில்லை. திரும்பப் போட்டதெல்லாம் கூட்டல் மட்டுமே.

இன்னொரு குழியும் பக்கத்திலேயே இருந்தது. நிகழ்வு தரும் எண், திரையில் அந்த நேரத்தில் தெரியும் பட்டியலில் அது எத்தனையாவது வரி என்பது மட்டுமே. நான் அதை வைத்து முழுப் பட்டியலில் விலையைத் தேடினேன். வடிகட்டிய பிறகு டிஎஸ்எச் முதல் வரியாக நிற்க, விலை வந்தது முழுப் பட்டியலின் முதல் பரிசோதனைக்கு.

இந்த இடத்தில்தான் வைத்தியத்தை நிறுத்திவிட்டு வீட்டையே இடித்துக் கட்டினேன். தேர்ந்தெடுத்த பரிசோதனைகளின் குறியீடுகளைத் தனியாக ஹேஷ்செட் என்ற ஒரு தொகுப்பில் வைத்தேன். ஒரே குறியீட்டை எத்தனை முறை போட்டாலும் அதில் ஒன்றுதான் இருக்கும். ஐட்டம்செக்கின் வேலை இனி ஒன்றே: அந்த வரியில் உள்ள பொருளின் குறியீட்டை எடுத்து, நியூவேல்யூவைப் பார்த்துச் செட்டில் சேர், அல்லது நீக்கு. மொத்தம், பில் வரிகள், சேமிப்பு எல்லாம் செட்டிலிருந்து. பட்டியல் வெறும் கண்ணாடி. அதைக் காலி செய்யலாம், வடிகட்டலாம், வரிசை மாற்றலாம், செட்டுக்குத் தெரியவே தெரியாது. நிரப்பும்போது எழும் நிகழ்வுகளைக் கண்டுகொள்ளாமல் விட "இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறேன்" என்று ஓர் அடையாளக் கொடி. நடுவில் ஏதேனும் பிழை வந்தால் கொடி ஏறியபடியே நின்றுவிடக் கூடாது, அதனால் அதை இறக்கும் வரியை, பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் வைத்தேன். முதல் நாள் போட்ட பிகின்இன்வோக் வரிக்கு வேலையில்லாமல் போனது, அழித்துவிட்டேன்.

ஈஎஸ்ஆர் எடுத்தவருக்கு டெங்கு

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது சேமிப்புப் பக்கம் கண்ணில் பட்டது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. ஒவ்வொரு பில்லுக்கும் எந்தெந்தப் பரிசோதனை என்பதை 1010010 என்ற பாணியில் ஒரு நீளமான எழுத்துத் தொடராகச் சேமித்திருந்தார்கள். முதல் வரியில் டிக் இருந்தால் முதல் இடத்தில் 1, இல்லாவிட்டால் 0. பட்டியலோ ஆங்கில அகரவரிசையில் தானாக அடுக்கிக்கொள்ளும் பட்டியல்.

புதிதாக ஒரு பரிசோதனை சேர்ந்தால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் டெங்கு என்எஸ்1 பரிசோதனையைச் சேர்த்திருக்கிறார்கள். அது கிரியேட்டினினுக்கும் ஈஎஸ்ஆர் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கும் நடுவே போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து பழைய பில் எதைத் திறந்தாலும் அந்த இடத்துக்குக் கீழே எல்லா டிக்கும் ஒரு வரி மேலே நகர்ந்து தெரியும். ஈஎஸ்ஆர் எடுத்தவர் அலுவலகத்தில் காட்டப் பழைய பில்லின் நகல் கேட்டு வந்தால், கையில் டெங்கு பில் வரும். "ஒருத்தர் வந்து சத்தம் போட்டாருங்க, நாங்க ஆள் மாறிப்போச்சுன்னு நினைச்சோம்" என்றார் அக்கா. நல்லவேளை, பரிசோதனை முடிவுகள் வேறொரு அட்டவணையில் குறியீட்டோடு பதிவாகியிருந்தன. தப்பு பில் நகலோடு நின்றது.

பில் எண், பரிசோதனைக் குறியீடு, அன்றைய விலை என்று மூன்று பத்திகளோடு தனி அட்டவணை போட்டு, ஒரு பரிசோதனைக்கு ஒரு வரியாக மாற்றினேன். பழைய தொடர்களைப் பெயர்ப்பதுதான் பெரிய பாடு. எந்தத் தேதியில் எந்தப் பரிசோதனை சேர்ந்தது என்று எங்கும் குறிப்பில்லை. முடிவுகள் அட்டவணையோடு பொருத்திப் பார்த்துத்தான் அந்தந்த நாளின் பட்டியல் வரிசையை ஊகித்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

மதிப்புகளைச் சேமித்ததில் இன்னொரு சின்னக் குழப்பமும் இருந்தது. "பணம் செலுத்தியாயிற்று" என்ற டிக் சில பில்களில் 1 என்றும் சிலவற்றில் -1 என்றும் பதிவாகியிருந்தது. வி.பி.யில் 'ஆம்' என்பதைக் குறிக்கும் ட்ரூவை சிஇன்ட் என்ற கட்டளை மூலம் எண்ணாக்கினால் -1 வரும், கன்வர்ட் வகுப்பின் வழியாக மாற்றினால் 1 வரும். இரண்டு திரைகளில் இரண்டு விதமாக எழுதியிருந்தார்கள். பாக்கிப் பட்டியல் 1ஐ மட்டும் தேடியதால், பணம் கட்டியவர்களும் அதில் நின்றார்கள். பூஜ்யம் இல்லையென்றால் கட்டியவர் என்று மாற்றியதும் தீர்ந்தது.

சாம்பல் நிற டிக்

கடைசியில் மாட்டியது ஒரே ஒரு பெட்டி. ஆனால் எனக்கு அதிகம் பயம் காட்டியது அதுதான். நோயாளி விவரத்தில் "வெறும் வயிறு" என்று ஒரு செக்பாக்ஸ். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. இதைக் கவுண்டரில் கேட்டுக் குறிக்க வேண்டும். முன்பு எழுதியவர் நல்ல எண்ணத்தில் அதை மூன்று நிலைப் பெட்டியாக்கியிருந்தார்: ஆம், இல்லை, இன்னும் கேட்கவில்லை. அதற்கான திரீஸ்டேட் அமைப்பை ஆன் செய்து, தொடக்க நிலையை நடுநிலையாக வைத்திருந்தார்.

சேமிக்கும் இடத்தில் வாசித்ததோ செக்டு என்ற பண்பை. திரீஸ்டேட் ஆன் ஆகியிருந்தால், டிக் இருந்தாலும் சரி, நடுநிலையில் இருந்தாலும் சரி, செக்டு ட்ரூ என்றே சொல்லும். மூன்றையும் பிரித்தறிய செக்ஸ்டேட் என்ற பண்பைத்தான் பார்க்க வேண்டும்: 0 இல்லை, 1 ஆம், 2 நடுநிலை. விளைவு, யாரிடமும் கேட்காமல் விட்ட ஒவ்வொரு பில்லும் "வெறும் வயிறு: ஆம்" என்று பதிவாகியிருக்கிறது. இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவரின் சர்க்கரை அளவும் வெறும் வயிற்று அளவு என்றே அச்சாகியிருக்கும்.

செக்ஸ்டேட்டுக்கு மாற்றினால் கோடு சரியாகிவிடும். ஆனால் அந்தப் பெட்டியையே நான் தூக்கிவிட்டேன். பெட்டிக்குள் தெரியும் அந்த நடுநிலைக் குறிக்கு என்ன அர்த்தம் என்று அக்காவைக் கேட்டபோது, "அது பாதி டிக்குங்க, சரின்னுதான் அர்த்தம்" என்றார். திரையைப் பார்ப்பவருக்கே அப்படித் தெரிந்தால் கோடு சரியாக இருந்து என்ன பயன்? அதற்குப் பதிலாக "சாப்பிட்டு வந்தார்", "சாப்பிடாமல் வந்தார்" என்று இரண்டு ரேடியோ பொத்தான்கள், தொடக்கத்தில் இரண்டுமே காலி. வெறும் வயிற்றுப் பரிசோதனை ஏதாவது தேர்வாகியிருந்து இரண்டில் ஒன்றும் அழுத்தப்படவில்லை என்றால் சேமி வேலை செய்யாது. முதல் வாரம் இதற்காக என்னைத் திட்டினார்கள். பழைய பதிவுகளைத் திருத்த வழியே இல்லை. புதிய பதிப்பு ஏறிய தேதிக்கு முந்தைய பில்கள் எதிலும் அந்தக் குறிப்பை அச்சிட வேண்டாம் என்று நிறுத்தியதோடு சரி.

புதிய பதிப்பைக் கொடுத்து மூன்று வாரம் கழித்து, எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனேன். மொத்தமெல்லாம் சரியாக இருந்தது. பில்களில் "மற்றவை 0.00" மட்டும் முன்பைவிட அதிகமாக வந்துகொண்டிருந்தது. அதிகத்துக்குக் காரணம், மாலை நேரத்துக்கு ஒரு புதுப் பெண் சேர்ந்திருந்தாள். அக்காதான் பழக்கியிருக்கிறார். நான்கு டிக் போட்டாள், அடிவரைக்கும் உருட்டினாள், தட்டினாள், சேமித்தாள்.

"இப்போ அது தேவையில்லைக்கா, எடுத்துடறேன்" என்றேன்.

"வேண்டாமுங்க தம்பி," என்றார். "அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும்."